50 வெள்ளி மெடலும் ஒரு அலுமினியப் பெட்டியும்: நினைவு மெடல் சேர்க்கலாமா? ஒரு நிகழ்வு ஆய்வு

நினைவு மெடல், அதாவது ஒரு சம்பவத்தையோ ஆளையோ நினைவுபடுத்த நாணயம் மாதிரி அடிக்கற, ஆனா காசா செல்லாத பொருள், அதைச் சேர்க்கிறது வொர்த்தான்னு நிறைய பேர் கேக்குறாங்க, ஒத்த வரியில ஆமா இல்லன்னு சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும். அதனால என் கையில வந்த ஒரு கலெக்ஷனை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அப்படியே சொல்றேன், நீங்களே பாத்துக்கங்க.

நெருங்கின நண்பன் ஒருத்தன். அவங்க அப்பா போய் ஒரு வருஷம் ஆனப்புறம் கூப்பிட்டான். "அப்பாவோட மெடல் எல்லாம் அப்படியே கிடக்குடா, அம்மா தெனமும் அந்த பீரோவைத் தொறந்து பாத்துட்டு மூடுறாங்க, என்ன இருக்குன்னு வந்து பாத்து சொல்லு." நான் நாணயம், மெடல் ரெண்டையும் பல வருஷமா பாத்துட்டு இருக்கறவன், வியாபாரி கிடையாது. போனேன். மொத்தம் 71 மெடல், கூடவே பைண்டு பண்ணின ஒரு நோட்டு. எந்த மெடல் எப்ப வந்துச்சு, என்ன கொடுத்தார், எதுக்கு வாங்கினார்னு அவர் கையெழுத்துல எழுதி வச்சிருந்தார். அந்த நோட்டு இல்லன்னா இந்த ஆய்வே கிடையாது, அதை மொதல்லயே சொல்லிடறேன்.

குடும்பத்துல எல்லாரும் நம்பினது ஒன்னுதான். பெரிய மரப்பெட்டியில 50 வெள்ளி மெடல் கொண்ட ஒரு செட் இருக்கு, அதுதான் சொத்து, மத்ததெல்லாம் சில்லறை. பெட்டி பாக்கவே கம்பீரமா இருந்துச்சு. ஒவ்வொரு மெடலுக்கும் வெல்வெட் குழி, மூடிக்குள்ள ஒரு சர்டிபிகேட், அதுல கையெழுத்து, லிமிடெட் எடிஷன் நம்பர், உலகத்தை மாத்தின 50 சம்பவம்ங்கற மாதிரி ஒரு தலைப்பு. வித்தது ஒரு பிரைவேட் மின்ட், அதாவது மெடல் அடிச்சு விக்கற தனியார் கம்பெனி, பேர் வேண்டாம். மாசம் ஒன்னுன்னு சந்தா கட்டி, நாலு வருஷம் ரெண்டு மாசத்துல செட்டை முடிச்சிருக்கார்.

முதல்ல அந்த செட்டையே எடுத்துக்கிட்டோம். மெடல் ஓரத்துல ஸ்டெர்லிங்னு முத்திரை இருந்துச்சு, அதாவது நூத்துக்கு 92.5 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. முத்திரையை நம்பாம அடர்த்தி பாத்தோம். வீட்டுலயே பண்ணலாம், கஷ்டமே இல்ல. கிராமுக்குக் கீழ ரெண்டு புள்ளி வரைக்கும் காட்டுற சின்ன தராசு, ஒரு டம்ளர் தண்ணி, ஒரு நூல் போதும். மெடலை முதல்ல காய்ஞ்சபடியே நிறுக்கணும், அப்புறம் தண்ணி டம்ளரைத் தராசுல வச்சு பூஜ்யம் பண்ணிட்டு, மெடலை நூல்ல கட்டி அடியில படாம பக்கத்துல படாம தண்ணிக்குள்ள தொங்கவிடணும், அப்ப தராசு காட்டுற எடைதான் அந்த மெடல் தள்ளின தண்ணியோட எடை. முதல் எடையை ரெண்டாவதால வகுத்தா அடர்த்தி வந்துடும். இங்க 26.0 கிராம், தள்ளினது 2.5 கிராம், வகுத்தா 10.4. ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 10.3, 10.4 பக்கத்துலதான் வரணும். ஆக வெள்ளி உண்மை, அந்த விஷயத்துல யாரும் ஏமாத்தல.

அப்புறம் கணக்கு போட்டோம். 50 மெடல், தலைக்கு 26 கிராம், மொத்தம் 1,300 கிராம். அதுல சுத்த வெள்ளி 1,202.5 கிராம். தங்கம் வெள்ளியை எடை போடற ட்ராய் அவுன்ஸ் ஒன்னு 31.1 கிராம், அந்தக் கணக்குல சுமாரா 38.7 அவுன்ஸ். நோட்டைப் பாத்தா, ஒவ்வொரு மெடலுக்கும் அவர் கொடுத்தது அந்தந்த மாசத்து வெள்ளி விலைல சுமாரா மூணு மடங்கு. அந்த மேல் ரெண்டு பங்கு எதுக்கு? பெட்டிக்கு, சர்டிபிகேட்டுக்கு, விளம்பரத்துக்கு, மின்ட்டோட லாபத்துக்கு. இன்னிக்கு அதுல ஒரு பைசா கூட யாரும் திருப்பித் தர மாட்டேங்கறாங்க. மூணு டீலர்கிட்ட காமிச்சோம், மூணு பேரும் மெடலைத் திருப்பிக்கூட பாக்கல, நேரா எடையைத்தான் கேட்டாங்க. ஒருத்தர் மட்டும் "பெட்டியை நீங்களே வச்சுக்கங்க சார், எங்களுக்கு வேண்டாம்"னு சொன்னார். நண்பன் முகம் வாடிப்போச்சு. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஏன்னா மாசாமாசம் சம்பளத்துல இருந்து எடுத்து வச்சு வாங்கின பொருள் அது.

ஏன் இப்படி ஆச்சுங்கறதுதான் இந்த ஆய்வுலயே முக்கியமான இடம், கொஞ்சம் நின்னு பாப்போம். லிமிடெட் எடிஷன்னு சொன்னதும் அரிதுன்னு நம்ம மனசுல படுது. ஆனா அந்த லிமிட் எப்படி வந்துச்சு? பல சந்தா மெடல்ல அளவு கட்டுறது இப்படித்தான்: இந்தத் தேதிக்குள்ள எத்தனை பேர் ஆர்டர் கொடுக்கறாங்களோ அத்தனை அடிப்போம், அதுக்கப்புறம் அச்சை அழிச்சிடுவோம். இதை நல்லா யோசிச்சுப் பாருங்க. வேணும்னு நினைச்ச ஒவ்வொருத்தருக்கும் ஒன்னு கிடைச்சாச்சு. கிடைக்காம ஏங்கினவன் ஒருத்தன் கூட பாக்கி இல்ல. அப்ப பத்து வருஷம் கழிச்சு நாம விக்கப் போனா வாங்க யார் வருவா? ஒரு பொருள் அரிதுன்னா எண்ணிக்கை கம்மின்னு அர்த்தம் இல்ல, இருக்கறதை விட கேக்கறவங்க அதிகம்னு அர்த்தம். 5,000 மெடல் அடிச்சு 5,000 பேர் வாங்கிட்டு, 5,001வது ஆள் இல்லன்னா அது அரிதே இல்ல. இன்னொரு சங்கதி, வாங்கினவங்க எல்லாரும் பத்திரமா பெட்டியோட, பிளாஸ்டிக் பிரிக்காம, சர்டிபிகேட்டோட வச்சிருக்காங்க. தொலைஞ்சதும் கிடையாது, தேஞ்சதும் கிடையாது. எல்லாமே புதுசா இருந்தா புதுசுக்குன்னு தனி மதிப்பு எங்க இருந்து வரும்?

இது இவர் ஒருத்தருக்கு நடந்தது இல்ல. 1960, 70கள்ல இந்த மாதிரி வெள்ளி செட்டு உலகத்துல பல இடத்துல லட்சக்கணக்குல வித்துச்சு. 1980 ஜனவரியில வெள்ளி ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 50 டாலர் வரைக்கும் ஏறினப்ப, ஜனங்க அந்த செட்டையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போய் உருக்கக் கொடுத்தாங்க. அப்படி டன் கணக்குல உருகிப் போயும் மிச்சம் இருக்கறதோட மதிப்பு கூடல. கேக்கறவன் இல்லாத பொருளை எவ்வளவு குறைச்சாலும் அது அரிதாகறதில்லன்னு அதுல இருந்தே தெரிஞ்சுக்கலாம்.

அடுத்து தங்கக் கலர்ல 7 மெடல். ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது, எல்லாமே செம்புக் கலவை மேல முலாம். சர்டிபிகேட்லயே பொடி எழுத்துல 24 கேரட் முலாம்னுதான் போட்டிருந்துச்சு, 24 கேரட்டுங்கற வார்த்தை மட்டும் பெருசா இருந்துச்சு. முலாம் அவ்வளவு மெல்லிசு, அதுல இருக்கற தங்கத்தைப் பிரிச்செடுக்கற செலவுக்கே காணாது. இன்னொன்னு தனியா ஒரு பெரிய மெடல், வெள்ளின்னு நினைச்சு வாங்கினது, நோட்டுலயும் வெள்ளின்னுதான் எழுதியிருக்கார். 64.2 கிராம், தள்ளின தண்ணி 7.3 கிராம், அடர்த்தி 8.79. வெண்கலம். ஓரத்துல லூப் (சின்னப் பூதக்கண்ணாடி) வச்சுப் பாத்தா முலாம் தேஞ்ச இடத்துல செவப்பு எட்டிப் பாக்குது. எந்த முத்திரையும் இல்லாத மெடலை வெள்ளின்னு யார் சொன்னாலும் தண்ணியில போட்டுப் பாக்காம காசைக் கொடுக்காதீங்க.

விக்டோரியா ராணியோட 1897 வைர விழாவுக்கு அடிச்ச வெள்ளை உலோக மெடல் நாலு இருந்துச்சு, மேல ஓட்டை போட்டது. வெள்ளீயக் கலவை, லேசா இருக்கும், நகத்துல அழுத்தினா கூட பயமா இருக்கும் அவ்வளவு மெத்து. அந்த விழா சமயத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு எல்லாம் கொடுத்தது இந்த ரகம், ரொம்ப சாதாரணம். பெருசா ஒன்னும் கிடைக்காது, ஆனா 120 வருஷத்துக்கு முன்னாடி ஒரு குழந்தை சட்டையில குத்திட்டுத் திரிஞ்ச பொருளை இவ்வளவு மலிவா கையில வச்சிருக்க முடியுதுன்னா எனக்கு அது சந்தோஷம்தான்.

இப்ப பாரிஸ் மெடலுக்கு வரேன், இங்கதான் சுவாரஸ்யமே. பாரிஸ் நாணயச் சாலை மெடல் ஆறு. அதுல அஞ்சு நெப்போலியன் காலத்து டிசைன், தலை உருவத்தோட கழுத்து வெட்டுக்குக் கீழ ஆந்த்ரியூன்னு செதுக்கினவர் பேர் இருக்கு. நண்பன் பாத்ததும் "200 வருஷப் பழசுடா"ன்னு குதிச்சான். நான் முகத்தைப் பாக்கல, ஓரத்தைப் பாத்தேன். மெடல் பாக்கறவங்க முதல்ல பாக்க வேண்டியதே ஓரம்தான். பாரிஸ் நாணயச் சாலை 1832ல இருந்து மெடலோட ஓரத்துல ஒரு குட்டிச் சின்னம் குத்துற பழக்கம் வச்சிருந்துச்சு, காலத்துக்கு ஒரு சின்னம். முதல்ல பழைய கால விளக்கு, நடுவுல நங்கூரம், கப்பல் மூக்குன்னு சில வருஷம், 1845ல இருந்து 1860 வரைக்கும் சுட்டிக்காட்டுற கை, அப்புறம் 1879 வரைக்கும் தேனீ, 1880ல இருந்து பழமும் பூவும் நிரம்பி வழியற கொம்பு. பக்கத்துலயே உலோகத்தோட பேரையும் பிரெஞ்சுல குத்தியிருப்பாங்க. பழைய அச்சையெல்லாம் அவங்க பத்திரமா வச்சிருந்து கேக்கறவங்களுக்கு திரும்பத் திரும்ப அடிச்சுக் கொடுத்தாங்க, அது மோசடி இல்ல, வெளிப்படையா பண்ணினது, சின்னமே அதுக்கு சாட்சி.

ஓரத்தை வெளிச்சத்துல சாய்ச்சு மெதுவா உருட்டிப் பாக்கணும். மூணு நெப்போலியன் மெடல்ல கொம்பு, அரிசியை விட கொஞ்சம் பெருசு, பக்கத்துல வெண்கலம்ங்கற பிரெஞ்சு வார்த்தை. ஆக 1880க்கு அப்புறம் அடிச்ச மறு அச்சு. ஒன்னுல சுட்டிக்காட்டுற கை, செம்புன்னு எழுத்து, அது 1845க்கும் 1860க்கும் நடுவுல அடிச்சது. அஞ்சாவதுல ஓரம் வழவழன்னு, ஒரு குறியும் இல்ல. அதை அப்படியே தனியா எடுத்து வச்சேன், அதைப் பத்தி கடைசில சொல்றேன்.

ஆறாவது மெடல் ஆஸ்கார் ரோட்டிங்கற பிரெஞ்சு மெடல் கலைஞர் செஞ்சது. அதுலயும் கொம்புதான். நண்பன் "இதுவும் மறு அச்சா?"ன்னு கேட்டான். இங்க கொஞ்சம் நிதானம் வேணும். ரோட்டி 1846ல பிறந்து 1911ல இறந்தவர், அவர் பேர் வாங்கின காலமே 1880க்கு அப்புறம்தான், அதனால கொம்பு இருக்கறது குறையே இல்ல, அவர் உயிரோட இருக்கும்போதே அடிச்சதா இருக்கலாம், பின்னால அடிச்சதாவும் இருக்கலாம். சின்னத்தைத் தனியா படிக்கக் கூடாது, செதுக்கினவரோட காலத்தோட சேத்துப் படிக்கணும். இந்த மெடலைக் கையில வச்சு சாய்ச்சா, சேலை மடிப்பு மாதிரி ஒரு துணி மடிப்பு நிழல்ல மறைஞ்சு மறுபடி எழுந்து வருது, மில்லிமீட்டருக்கும் கம்மியான உயரத்துல அவ்வளவு ஆழத்தைக் காட்டியிருக்கார். அந்த 50 வெள்ளி செட்டுல கண்ணாடி மாதிரி பளபளப்பு இருந்துச்சு, இந்த ஆழம் ஒன்னுல கூட இல்ல. செட்டு மெடலைப் பாத்துட்டு உடனே இதைக் கையில எடுங்க, யாரும் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

அடுத்தது லுசிட்டானியா மெடல். இது சேகரிக்கறவங்களுக்கு ஒரு பெரிய பாடம். 1915 மே 7ம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கி லுசிட்டானியாங்கற பயணிகள் கப்பலை அயர்லாந்து பக்கத்துல மூழ்கடிச்சுது, கிட்டத்தட்ட 1,200 பேர் செத்தாங்க. முனிக்ல இருந்த கார்ல் கோட்ஸ்ங்கற மெடல் கலைஞர் அதை வச்சு ஒரு கேலி மெடல் செஞ்சார், ஒரு பக்கம் மூழ்கற கப்பல், இன்னொரு பக்கம் டிக்கெட் கவுன்டர்ல எலும்புக்கூடு உக்காந்து டிக்கெட் விக்குது. தேதியைத் தப்பா மே 5னு போட்டுட்டார். பிரிட்டிஷ்காரங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க, பாத்தியா முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கான்னு சொல்லி, அந்த மெடலை அப்படியே காப்பி எடுத்து சுமாரா மூணு லட்சம் அடிச்சு, அட்டைப்பெட்டியில ஒரு துண்டுத்தாளோட போட்டு, தர்ம காரியத்துக்கு வித்தாங்க. இன்னிக்கு ஊர் உலகத்துல கிடைக்கறது பெரும்பாலும் அந்தக் காப்பிதான். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு எழுத்து போதும். கோட்ஸோட ஒரிஜினல்ல மே மாசம் ஜெர்மன் ஸ்பெல்லிங்ல இருக்கும், கடைசி எழுத்து 'ஐ'. பிரிட்டிஷ் காப்பில இங்கிலீஷ் ஸ்பெல்லிங், கடைசி எழுத்து 'ஒய்'. லூப் வச்சோம், 'ஒய்'. நோட்டுல பாத்தா அப்பாவே எழுதி வச்சிருக்கார், "காப்பிதான், தெரிஞ்சேதான் வாங்கினேன், பெட்டியும் தாளும் கூட இருக்கு." படிச்சதும் எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை ரெண்டு மடங்காயிடுச்சு. காப்பின்னாலும் இது முதல் உலகப் போர் காலத்துப் பிரச்சாரப் பொருள், போர்க்காலத்துல ஒரு அரசாங்கமும் ஜனங்களும் எப்படி யோசிச்சாங்கன்னு உள்ளங்கையில காட்டுது. தாளோட பெட்டியோட இருந்தா வாங்க ஆள் எப்பவும் இருக்கு.

பித்தளையில ஒன்னு, அட்மிரல் வெர்னான் மெடல். 1739 நவம்பர்ல பனாமா கரையில இருந்த ஸ்பெயின் துறைமுகம் போர்ட்டோ பெல்லோவை ஆறே கப்பல்ல பிடிச்சார் வெர்னான். இங்கிலாந்தே பைத்தியம் பிடிச்ச மாதிரி கொண்டாடுச்சு, தெருவுல விக்கற மாதிரி மட்டமான பித்தளை மெடல் விதவிதமா கொட்டுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்பெயின் கையில இருந்த இன்னொரு துறைமுகம் கார்த்தஹீனாவைத் தாக்கப் போனார், அங்கயும் ஜெயிச்சாச்சுன்னு நம்பி, ஸ்பெயின் தளபதி ப்ளாஸ் தெ லேசோ முட்டி போட்டு வாளைக் கொடுக்கற மாதிரி மெடலே அடிச்சு வித்துட்டாங்க. உண்மையில பிரிட்டன் தோத்துப் போச்சு. நடக்காத ஜெயத்துக்கு மெடல்! நம்ம பெட்டியில இருந்தது போர்ட்டோ பெல்லோ ரகம், தேஞ்சு போய் மூக்கு முழி தெரியல, எழுத்து பாதிதான் படிக்க முடியுது. ஆனா வாங்க ஆள் இருக்கு, ஏன்னா இதுல நூத்துக்கணக்கான அச்சு வகை இருக்கு, அதையே தனி கலெக்ஷனா சேர்க்கறவங்க இருக்காங்க. தேஞ்ச பித்தளையைத் தேடி வர ஆள் இருக்கான், பளபளக்குற வெள்ளிக்கு இல்ல. இதை மனசுல வச்சுக்கங்க.

கடைசியா ஒரு வட்டமான அலுமினியப் பெட்டி. பீரோவுக்குள்ள பின்னால ஒரு துணியில சுத்தி இருந்துச்சு, குடும்பத்துல யாருக்கும் அது என்னன்னே தெரியல. தொறந்தா மூணு அங்குல அகலத்துல, 76 மில்லிமீட்டர், சாக்லேட் கலர் வெண்கலம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியோட விருது மெடல். கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேந்த 400வது வருஷத்துக்காக நடத்தின கண்காட்சி அது. முன்பக்கம் கொலம்பஸ் கரையில கால் வைக்கிறார், செஞ்சது அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ்ங்கற அமெரிக்கச் சிற்பி. பின்பக்கமும் அவர்தான் செஞ்சிருந்தார், ஆனா அதுல துணியே இல்லாத ஒரு இளைஞன் உருவம் இருந்துச்சுன்னு எதிர்ப்பு வந்து, அதை ஒதுக்கிட்டு அமெரிக்க அரசு மின்ட்டோட தலைமைச் செதுக்காளர் சார்லஸ் பார்பரை வச்சு வேற செஞ்சு போட்டுட்டாங்க. இந்த இழுபறியில மெடல் கண்காட்சி நடந்து மூணு வருஷம் கழிச்சு 1896லதான் ஜெயிச்சவங்க கைக்குப் போச்சு. பின்பக்கம் கீழ ஒரு கட்டம், அதுக்குள்ள பரிசு வாங்கினவரோட பேர். அந்தப் பேர் கையால பொறிச்சது இல்ல, ஒவ்வொரு பேருக்கும் தனி அச்சுத் துண்டு செஞ்சு பெரிய அச்சுல சொருகி அடிச்சது.

இதை எத்தனை அடிச்சாங்க தெரியுமா? 20,000க்கும் மேல. 5,000, 10,000னு லிமிட் போட்டு வித்த சந்தா மெடலை விட அதிகம். உலோகம் வெறும் வெண்கலம், உருக்கினா ஒன்னுமே இல்ல. ஆனா டீலர்கிட்ட போட்டோ அனுப்பினதும் ஒருத்தர் அன்னிக்கே திரும்பக் கூப்பிட்டார், பேரைப் படிச்சுச் சொல்லுங்க, பெட்டி இருக்கா, மூடி சரியா மூடுதான்னு கேள்வி மேல கேள்வி. இந்த ஒரு மெடலுக்கு அவர் சொன்ன தொகை அந்த 50 மெடல்ல ஏழு மெடலோட வெள்ளிக்கு சமம். அப்பா இதை வாங்கினப்ப கொடுத்தது, நோட்டுப்படி, செட்டுல ஒரே ஒரு மெடலுக்குக் கட்டின மாசச் சந்தாவை விடக் கொஞ்சம் கம்மி.

கறாரா பாத்தா இது விருது மெடல், நினைவு மெடல் இல்லன்னு சிலர் சொல்லுவாங்க. நியாயம்தான். ஆனா சந்தைல ரெண்டும் ஒரே மேஜையிலதான் கிடக்கு, வாங்கறவனும் ஒரே ஆள்தான், அதனால சேத்துப் பேசறதுல தப்பு இல்ல.

71 மெடலையும் மேஜை மேல பரப்பி வச்சுட்டு யோசிச்சா எனக்கு ஒரே கேள்விதான் மிஞ்சுச்சு: இதை யாருக்காக அடிச்சாங்க? சிகாகோ மெடல் ஒரு கைவினைஞருக்காக அடிச்சது, அவர் செஞ்ச பொருள் நல்லா இருக்குன்னு சொல்ல. வெர்னான் மெடல் தெருவுல கொண்டாடினவனுக்காக. விக்டோரியா மெடல் பள்ளிக்கூடப் பிள்ளைக்காக. லுசிட்டானியா ஒரு நாட்டோட கோபத்துக்காக. அந்த 50 மெடல் மட்டும் மெடல் சேர்க்கறவனுக்காக அடிச்சது. சேர்க்கறதுக்குன்னே செஞ்ச பொருளுக்குப் பின்னால எந்த வாழ்க்கையும் இல்ல, அதுல சொல்லியிருக்கற சம்பவத்துக்கும் அந்த வெள்ளிக்கும் ஒரு தொடர்பும் இல்ல.

மெடல்ங்கற கலையே இப்படித்தான் ஆரம்பிச்சுது. 1438ல பைசான்டியப் பேரரசர் எட்டாம் ஜான் பலயோலோகஸ் உதவி கேட்டு இத்தாலி ஃபெராராவுக்கு வந்தப்ப, பிசானெல்லோங்கற ஓவியர் அவரைப் பாத்து வார்த்த மெடலைத்தான் மறுமலர்ச்சிக் காலத்து முதல் உருவ மெடல்னு சொல்றாங்க. அதுல ஓவியர் பிசானோவின் வேலைன்னு லத்தீன்லயும் கிரேக்கத்துலயும் எழுதியிருக்கும். அதுக்கப்புறம் பிரபுக்கள் தங்களோட மெடலைச் செஞ்சு நண்பனுக்கும் கூட்டாளிக்கும் பரிசாக் கொடுக்கற வழக்கம் வந்துச்சு. கொடுக்கறவன் ஒருத்தன், வாங்கறவன் ஒருத்தன், நடுவுல ஒரு காரணம். இப்ப பக்கத்துக் காலத்துலயும் பாருங்க, 1968 அப்போலோ 7ல இருந்து விண்வெளி வீரர்கள் தங்களுக்குன்னு ராபின்ஸ் கம்பெனியில வெள்ளி மெடல் அடிச்சு, நம்பர் போட்டு, கூடவே எடுத்துட்டுப் போனாங்க. அதே அச்சுல அதே வெள்ளியில அடிச்சும் மேல போகாத மெடலும் உண்டு, மேல போய் வந்ததும் உண்டு. ரெண்டுக்கும் விலையில ஆகாசத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்.

அப்ப காசு போட்டு காசு எடுக்கலாமான்னு கேட்டா, என் பதில் வேண்டாம். மெடல் சந்தை ரொம்ப ஒல்லி. நாணயம்னா வருஷ வரிசை இருக்கு, ஆல்பத்துல காலி குழி இருக்கு, அந்தக் குழியை நிரப்பணும்னு ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாணயத்தைத் தேடுவாங்க. சட்டப்படி செல்லுபடியாகற முகமதிப்புன்னு ஒன்னும் இருக்கு. மெடலுக்கு ரெண்டுமே கிடையாது. நல்ல மெடலை விக்கவே ரெண்டு வருஷம் காத்திருந்தவங்களை எனக்குத் தெரியும். ஆனா அதே காரணத்தாலதான் வாங்கறவனுக்கு இது நல்ல இடம், கூட்டம் இல்லாததால ஒரு பெரிய சிற்பி செஞ்ச நூறு வருஷத்து மெடல், போன வருஷம் வந்த ஒரு பளபள செட்டை விட மலிவாக் கிடைக்குது. ரசிச்சுப் படிச்சு சேர்க்கறவனுக்கு இதை விட நல்ல துறை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பராமரிப்புல பாத்ததையும் சொல்லிடறேன். ரெண்டு வெண்கல மெடலை மெத்துன்னு இருக்கற பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிருந்தார், எடுத்தா பச்சையா பிசுபிசுன்னு ஒட்டுது. அந்த ரக பிளாஸ்டிக் நாளாக நாளாக உடைஞ்சு உலோகத்தைத் தின்னும். சுத்தமான அசிட்டோன்ல ஊற வச்சதுல பிசுக்கு போயிடுச்சு, தோலுக்குக் கீழ போன கறை போகல. வெண்கலத்தை மட்டும் தயவு செஞ்சு பாலிஷ் போடாதீங்க, அந்த சாக்லேட் நிறம் மின்ட்லயே சூடும் ரசாயனமும் வச்சு ஏத்தினது, தேய்ச்சா போனது போனதுதான். வாங்கறவன் முதல்ல கழிக்கறது அதுக்குத்தான்.

முடிவு என்ன ஆச்சுன்னா, செட்டை எடைக்குக் கொடுத்தாங்க, உருக்குறவர் வெள்ளி மதிப்புல நூத்துக்கு 94 கொடுத்தார், வெள்ளி ஏறியிருந்ததால அப்பா போட்ட முதல் ஓரளவு திரும்பி வந்துச்சு, அவ்வளவு வருஷம் அந்தக் காசு சும்மா கிடந்ததைக் கணக்குல எடுத்தா நஷ்டம்தான். கொடுக்கறதுக்கு முன்னாடி நண்பனோட அம்மா நோட்டை என்கிட்ட நீட்டி, "இந்த செட்டு பக்கத்துல என்னப்பா எழுதியிருக்கார், படிச்சு சொல்லு"ன்னாங்க. 50 வரி இருந்துச்சு, ஒவ்வொரு வரியிலயும் தேதி, தொகை, "வந்தது". அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. சிகாகோ மெடலுக்கு ஒன்னரைப் பக்கம் எழுதியிருந்தார், யார்கிட்ட வாங்கினார், பரிசு வாங்கினவன் பேரை வச்சு அவன் என்ன தொழில் பண்ணியிருப்பான்னு யோசிச்சது, ஏன் பின்பக்கம் முன்பக்கம் மாதிரி அழகா இல்லன்னு தேடிக் கண்டுபிடிச்சது எல்லாம். அம்மா கேட்டுட்டு, "அப்ப இதைக் கொடுக்க வேண்டாம்"னு சொல்லிட்டு பெட்டியை மூடி மறுபடி அதே துணியில சுத்திட்டாங்க. லுசிட்டானியா, வெர்னான், ரோட்டி மூணும் கூட வீட்டுலயே இருக்கு. முலாம் ஏழும் வெண்கலமும் யாரும் வாங்கல, அதுவும் வீட்டுலதான்.

வழவழ ஓரம் இருந்த அந்த நெப்போலியன் மெடல் இன்னும் என்கிட்ட இருக்கு, குடும்பம் நம்பிக் கொடுத்தது. 1832க்கு முன்னாடி அடிச்சதுக்கு ஓரத்துல சின்னம் இருக்காது, அந்த வகையில சரி. ஆனா சின்னத்தை அரம் வச்சுத் தேய்ச்சு எடுத்துட்டு விக்கறவங்களும் உண்டு, ஒரிஜினல்ல இருந்து அச்சு எடுத்து வார்த்த காப்பிக்கும் ஓரம் வழவழன்னுதான் வரும். வார்த்த காப்பின்னா உலோகம் ஆறும்போது சுருங்கி நூத்துக்கு ஒன்னு ரெண்டு பங்கு சின்னதா இருக்கும். கேலிப்பர்ல அளந்தேன், கை முத்திரை மெடல் 40.6 மில்லிமீட்டர், இது 40.5. அதனால வார்ப்புன்னு தோணல. அரம் தேய்ச்ச கோடு இருக்கான்னு லூப்ல மூணு தடவை சுத்திப் பாத்தாச்சு, ஒரே ஒரு இடத்துல, கடிகாரத்துல ஆறு மணி இருக்கற பக்கத்துல, ரெண்டு மெல்லிய கோடு தெரியுது, அது கீறலா அரமான்னு நல்ல மைக்ராஸ்கோப்ல பாத்தப்புறம்தான் சொல்வேன்னு நண்பன்கிட்ட சொல்லியிருக்கேன்.